சிவப்பு விளக்கின் மேல் ஒரு துண்டுத் துணி

முறையாகப் பார்த்தால் இந்தக் கதைக்குள் எனக்கு இடமில்லை. அந்த வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தவன் நான். ஒரு நூலகத்தில் நூற்பட்டியல் எழுதுவது என் வேலை. ஆனாலும் நடந்தவற்றில் எனக்கும் ஒரு பங்கு இருந்துவிட்டது. ஆகவே என்னை ஓரமாக நிறுத்திக்கொண்டு, கூடியவரை அந்தக் குடும்பத்தைப் பற்றியே சொல்ல முயல்கிறேன்.

கீழே குடியிருந்த வீட்டு உரிமையாளரைத் தெருவில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். ஜன்னல்களுக்கும் படச் சட்டங்களுக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் சிறிய கடை அவருடையது. வைர முனையால் கோடிழுத்து, மூச்சை அடக்கி, ஒரே தட்டில் கண்ணாடியைப் பிரிப்பார். அந்த அடக்கம் அவர் பேச்சிலும் இருந்தது. அவர் மனைவி தையலக்கா. முன்னறையில் இயந்திரத்தைப் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைப்பார். அவர் இருக்கும் இடமெல்லாம் நீலத் துண்டுத் துணிகள் கிடக்கும்.

தெரு புதியது, ஊரின் சாக்கடைக் குழாய் அங்கே இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வீடும் தன் கழிவுநீரைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பின்புறம், மண்ணுக்கடியில், மூன்று அறைகள் கொண்ட தொட்டி ஒன்று இருந்தது. முதல் அறையில் கசடு படியும். இரண்டாவதில் ஒரு காற்று மோட்டார் ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காற்றால் பிழைத்திருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்று தீர்க்கும். தெளிந்த நீர் மூன்றாவது அறையில் சேரும். அதை வேறொரு மோட்டார் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, அளவாக, பின்தோட்டத்து மண்ணுக்குள் தள்ளிவிடும். மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் நலம். சிவப்பு எரிந்து பெட்டி கத்தினால், மூன்றாவது அறையில் தண்ணீர் அளவு மீறிவிட்டது என்று பொருள். நான் குடியிருந்த இரண்டு ஆண்டுகளில் அது ஒருமுறைகூடக் கத்தியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் கண்ணாடிக்காரரின் அண்ணன் குடும்பம் வந்து இறங்கியது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் வருகை. அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். அகன்ற தோள், அதற்கேற்ற குரல். அவருடன் அவர் மனைவி பெரியக்கா, மகள், மகளின் நான்கு மாதக் குழந்தை. மகள்தான் தொலைபேசியில், "சித்தி, பிள்ளையைக் காட்ட வர்றோம், நாலு நாள் இருப்போம்" என்று சொல்லி எல்லோரையும் கிளப்பிக் கொண்டுவந்தவள்.

எட்டாண்டுப் பிரிவின் காரணத்தைத் தையலக்கா ஒருமுறை, என் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தபடியே, சொல்லியிருக்கிறார். முன்பு இரு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தன. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வரும். பெரியக்கா அப்போது மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை பார்த்தார். விடிய விடிய மீன் அறுத்துவிட்டு வந்து வெகுநேரம் குளிப்பார்.

"ஒருநாள் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன் தம்பி. 'ஒரு ஆளுக்கு எத்தனை பக்கெட்டுக்கா?'ன்னு. நான் தண்ணியைத்தான் கேட்டேன். அவங்க காதுல நாத்தம்னு விழுந்துடுச்சு. மறுவாரமே சாமானைக் கட்டிட்டாங்க. நாக்குல சூடு வெச்சுக்கலாமான்னு இருந்துச்சு."

ஆகவே இந்த வருகைக்காகத் தையலக்கா செய்த ஏற்பாடுகளை நான் புரிந்துகொண்டேன். குளியலறையில் புது வாளி, புது சொம்பு, பிரிக்காத சோப்பு, மடித்த துண்டுகள். சமையலில் முட்டை, உருளைக்கிழங்கு, பருப்பு, அடுக்கடுக்காக ரொட்டி. மீன் மட்டும் வாங்கவில்லை.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. பெரியக்கா அளவாகப் பேசினார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ஓட்டுநர்தான் வீட்டை நிறைத்தார்.

"என்னடா இது, கடை வெச்சிருக்கவன் வீட்டு ஜன்னல்ல ஒரு கண்ணாடி விரிஞ்சு கெடக்கு?"

"மாத்தணும்ண்ணா. நேரமே கெடைக்கல."

"எட்டு வருஷமா?"

சொன்ன பிறகுதான் அந்த எண்ணிக்கை என்ன என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஒரு ரொட்டியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, ஒன்பது மணியளவில், பெட்டி கத்தியது.

நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். காலடியில் திடீரென்று ஒரு கூர்மையான, இடைவிடாத ஒலி. தையலக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். குளியலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே பெரியக்கா குளித்துக்கொண்டிருந்தார். தையலக்கா ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். ஒலி நின்றது; விளக்கு நிற்கவில்லை.

"என்ன சத்தம்?" என்று ஓட்டுநர் முன்னறையிலிருந்து கேட்டார்.

"பக்கத்து வீட்டு வண்டிங்க" என்றார் தையலக்கா.

பின்பு படிக்கட்டு மறைவில் நின்று, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணுக்குத் தொலைபேசினார். தொட்டிகளைப் பராமரிக்கும் அம்மாளின் எண் அது. தெருவில் அவருக்குத் தொட்டிக்காரம்மா என்றே பெயர். அவர் குரல் கைப்பேசியை மீறி எனக்கும் கேட்டது.

"மூடியைத் திறக்காதீங்க. கரண்ட்டை அணைக்காதீங்க, காத்து நின்னுடுச்சுன்னா உள்ள இருக்கறதெல்லாம் செத்துரும். பியூஸ் போயிருக்கான்னு மட்டும் பாருங்க. போகலையா? சரி. நாளைக்குக் காலைல வர்றேன். அதுவரைக்கும் தண்ணியைக் கொறைச்சுக்கோங்க. குளியல், துணி, பாத்திரம் எல்லாத்துலயும். வீட்டுல எத்தனை பேரு?"

"விருந்தாளிங்க வந்திருக்காங்கம்மா."

"அப்ப அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

தையலக்கா கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவரும் அங்கே வந்து நின்றிருந்தார்.

"நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்வேன்? அண்ணிகிட்ட, தண்ணியைக் கொறைச்சுக்கோங்கன்னு?"

"அதையேதான் நானும் கேக்கறேன். இந்த ஊர்ல எனக்கு வேற வார்த்தையே கெடைக்காதா? சரியா வந்து நிக்குது பாருங்க, அதே வார்த்தை."

பிறகு தையலக்கா இடுப்பிலிருந்து ஒரு நீலத் துண்டுத் துணியை எடுத்து, எரிந்துகொண்டிருந்த விளக்கின் மேல் போட்டுச் சுற்றிச் செருகினார். என்னிடம் திரும்பி, "தம்பி, நீங்க எதையும் பாக்கல" என்றார்.

"நான் எதையும் பார்க்கவில்லை அக்கா" என்றேன். அந்த வீட்டில் என் பேச்சு எப்போதும் அச்சடித்தது போலவே இருக்கும். அதற்காக அவர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அன்று யாரும் சிரிக்கவில்லை.

விருந்தினருக்குச் சொல்லாமலே தண்ணீரைக் குறைப்பது எப்படி? அவர்கள் கண்ட வழி, தாங்கள் இருவரும் தண்ணீரைத் தொடாமல் இருப்பது. கண்ணாடிக்காரர் விடுமுறை நாளிலும் கடைக்குப் போய், கண்ணாடி கழுவும் தொட்டியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். தையலக்கா குளிக்கவேயில்லை. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கூடையில் சுமந்து வேலியோரக் குழாயடிக்குப் போனார். அந்தத் தண்ணீர் மண்ணுக்குப் போகும், தொட்டிக்குப் போகாது. மழைக்கு முந்திய புழுக்கம், காற்றில்லை. அவர் குந்தியமர்ந்து ஒவ்வொரு தட்டாகக் குவளைத் தண்ணீரில் அலசினார். கழுத்திலிருந்து முதுகுவரை ரவிக்கை நனைந்திருந்தது.

பெரியக்கா பின்வாசலில் பேரப்பிள்ளையோடு நின்று அதைப் பார்த்தார்.

"உள்ள குழாய் இருக்கறப்ப எதுக்கு வெயில்ல உக்காந்திருக்க?"

"காத்தோட்டமா இருக்குக்கா."

"எங்க இருக்கு காத்து? இலை அசையல."

"பழகிடுச்சுக்கா."

"குளிக்கக்கூட இல்ல போல?"

"அப்பறமா குளிச்சுக்கறேன். நீங்க பிள்ளைக்குச் சுடுதண்ணி வேணும்னா எடுத்துக்கோங்க. தாராளமா எடுத்துக்கோங்க."

அந்தத் 'தாராளமா'வைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. பெரியக்கா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, உள்ளே போனார். அன்று மாலை அவர் குளிக்கவில்லை. குழந்தையின் துணிகளையும் துவைக்கவில்லை. நனைந்தவற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். சமையலறைக் குழாயை அவர் திறக்கும் ஓசையே கேட்கவில்லை. ஆக, ஞாயிறு பிற்பகல் முதல் அந்த வீட்டில் மூத்த பெண்கள் இருவருமே தண்ணீரைத் தொடாமல் இருந்தார்கள். ஒருவர் மற்றவருக்காக; மற்றவர் மனம் புண்பட்டு.

வீடு அவ்வளவு அமைதியானபோதுதான் என் கழிவறையின் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அது புதிய ஓசையன்று, பலத்திருந்தது மட்டுமே புதிது. மூன்று வாரங்களாகவே என் பிளஷ் டேங்கிலிருந்து பீங்கானுக்குள் நூலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்ல எண்ணி மூன்று முறை படியிறங்கினேன். ஒருமுறை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை விருந்தினர் வருகையைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை காரணம் எதுவும் இல்லை, திரும்பிவிட்டேன். பேச வராததைக் கடிதமாக எழுதினேன். அது என் மேசையில் ஓர் அகராதிக்குள் இருந்தது.

'ஒரு நூலளவுத் தண்ணீர்தானே' என்று சொல்லிக்கொண்டேன். டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயின் திருகை மூடப் பார்த்தேன், துருப்பிடித்திருந்தது, அசையவில்லை. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். பிறகு கழிவறைக் கதவைச் சாத்தினேன். ஓசை கேட்கவில்லை. துணி போட்டு விளக்கை மூடியவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு என்பதை நான் அறிவேன்.

திங்கள் காலை ஏழு மணிக்குப் பெட்டி மறுபடியும் கத்தியது. தையலக்கா ரொட்டி வாங்கப் போயிருந்தார். கண்ணாடிக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஓசையைத் தேடி முதலில் வந்து சேர்ந்தவர் ஓட்டுநர். நான் படியின் மேல் நின்றிருந்தேன். அவர் பெட்டியை ஒருகணம் பார்த்தார், துணியை உருவினார், சிவப்பு அவர் முகத்தில் விழுந்தது.

"டேய், இங்க வா."

கண்ணாடிக்காரர் வாயில் நுரையோடு வந்தார்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லண்ணா. தொட்டில தண்ணி கொஞ்சம் ஏறியிருக்கு."

"எப்பலருந்து?"

"நேத்துக் காலைலருந்து."

"முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன். முன்னால செவப்பு லைட்டு எரிஞ்சா ஓரமா நிறுத்துவேன். துணியைப் போட்டு மூடிட்டு ஓட்டறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அதற்குள் பெரியக்கா வந்துவிட்டார். கடையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தோடு தையலக்காவும் வாசலில் நின்றார். பெரியக்கா பெட்டியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், தையலக்காவின் கலைந்த தலையைப் பார்த்தார்.

"ஓ. இதுக்குத்தான் வெளிய உக்காந்து பாத்திரம் கழுவினியா?"

தையலக்கா ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நாங்க வந்து ரொம்பிப் போச்சு. அதான?"

"அக்கா, அப்படி இல்லக்கா."

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே. சொல்ல முடியாத அளவுக்கு நான் அவ்வளவு பொல்லாதவளா?"

"சொல்லித்தானக்கா எட்டு வருஷம் உங்களைப் பாக்காம கெடந்தேன்."

பெட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பொத்தானைத் தேடி அழுத்தினார். பெரியக்கா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து கூடத்தில் வைத்தார். மகளிடம், "பிள்ளைத் துணியை எடு" என்றார். அது சினத்தின் குரலன்று. ஒரு வீட்டுக்குத் தான் எப்போதும் அதிகப்படியானவள் என்று முடிவுகட்டியவரின் குரல். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை, ஆனால் நின்றேன்.

அப்போதுதான் தொட்டிக்காரம்மா வந்தார். முழங்கால் வரை ரப்பர் காலணி, தலையில் முண்டாசு, கையில் கருவிப்பெட்டி. வீட்டு முகங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? தொட்டி மட்டும்தான? அப்ப சரி."

எல்லோரும் பின்புறம் போனோம். அவர் கையுறை மாட்டி மூன்றாவது அறையின் மூடியைத் திறந்தார். மிதவையை ஒரு கோலால் தூக்கியும் தாழ்த்தியும் பார்த்தார். மோட்டாரைக் கையால் முடுக்கினார். அது உறுமி ஓடியது. காற்றுக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். வடிகட்டியை உருவி, குழாயடியில் அலசி, திரும்பச் செருகினார்.

"எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. மோட்டார் மணிக்கணக்குப்படிதான் தள்ளும். அது தள்றதைவிட அதிகமா உள்ள வருது, அவ்வளவுதான்."

"நாங்க நாலு பேர் கூட வந்திருக்கோம்ல" என்றார் பெரியக்கா வறண்ட குரலில்.

தொட்டிக்காரம்மா முதல் அறைக்குத் தண்ணீர் வந்து விழும் குழாயின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப யாராவது குளிக்கறீங்களா?"

"இல்ல."

"குழாய் ஏதாவது தொறந்திருக்கா?"

கண்ணாடிக்காரர் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். இல்லை.

"அப்ப இது எங்கிருந்து வருது?"

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். குழாயின் வாயிலிருந்து பென்சில் பருமனில் தெளிந்த தண்ணீர், நிற்காமல், விழுந்துகொண்டிருந்தது.

"இது குளிச்ச தண்ணி இல்லம்மா" என்று பெரியக்காவிடமே சொன்னார் தொட்டிக்காரம்மா. "நாலு பேர் நாலு நாள் குளிச்சாக்கூட இந்தத் தொட்டி தாங்கும். இது எங்கேயோ கக்கூஸ்ல ஒழுகுது. ராத்திரி பகலா. கண்டுபிடிச்சுடலாம்."

அவர் ஒரு சிறு குப்பியிலிருந்து நீலப் பொடியை எடுத்துப் போய்க் கீழ்வீட்டுக் கழிவறை டேங்கில் போட்டார். பதினைந்து நிமிடம் யாரும் தண்ணீர் விடக்கூடாது. பீங்கானில் நீலம் இறங்கினால் அங்கேதான் ஒழுக்கு. கூடத்தில் எல்லோரும் மருத்துவர் அறைக்கு வெளியே அமர்ந்தவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள். பை நடுவில் இருந்தது. பீங்கான் வெள்ளையாகவே இருந்தது.

"மாடில ஒண்ணு இருக்குல்ல?" என்றார் தொட்டிக்காரம்மா.

"மாடித் தம்பி ஒத்த ஆளு. அவர் தண்ணி புழங்கறதே தெரியாது" என்றார் தையலக்கா, எனக்காகப் பரிந்து.

தொட்டிக்காரம்மா முதல் படியில் கால் வைத்தார். நீலம் இறங்கியதும் எல்லாம் தெரிந்துவிடும். நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை. அதுவே எனக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது.

"பொடி வேண்டாம் அம்மா" என்றேன். "அது என்னுடைய கழிவறைதான். மூன்று வாரமாக ஒழுகுகிறது. எனக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள். அறைக்கு ஓடி, அகராதியிலிருந்த கடிதத்தை எடுத்து வந்து கண்ணாடிக்காரரிடம் நீட்டினேன். அவர் கையில் பற்பசை காய்ந்திருந்தது, அண்ணனிடம் கொடுத்துவிட்டார். ஓட்டுநர் அதைப் பேருந்து நிலைய அறிவிப்பைப் போல உரக்கப் படித்தார்.

"'மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்களுக்கு இடையூறு விளைவிக்க நேர்வதற்கு மிகவும் வருந்துகிறேன். மாடிக் கழிவறையில் நீர் சிறிதளவு கசிவதாகத் தோன்றுகிறது. இது என் செவிக் கோளாறாகவும் இருக்கலாம். தாங்கள் ஓய்வாக இருக்கும் ஏதேனும் ஒரு நாளில்...' தேதி போட்டிருக்கே. மூணு வாரம் முன்னாடி." அவர் தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "செவிக் கோளாறா தம்பி?"

"மன்னிக்க வேண்டும்."

"எங்களை மூட்டை கட்ட வெச்சது இந்த மரியாதைதானா?"

முதலில் சிரித்தவர் பெரியக்கா. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பிறகு துண்டை எடுத்துவிட்டார். "கடவுளே, இவரு லெட்டர் எழுதி டிக்சனரில வெச்சிருக்காரு. இவ துணியைப் போட்டு மூடறா. இவ புருஷன் கடைல போய்க் குளிக்கறாரு. ஒரு வீட்டுல ஒருத்தருக்காவது வாய்ன்னு ஒண்ணு இருக்கா?"

"உங்களுக்கு இருக்கேக்கா" என்றார் தையலக்கா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரியக்கா அவரையே சிறிது நேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நீ கேட்டப்ப எனக்கும் வாய் இருந்திருக்கணும். 'என்னடி கேக்கற, தண்ணியையா, நாத்தத்தையா'ன்னு அப்பவே கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"தண்ணியைத்தான்க்கா."

"இப்ப தெரியுது."

ஒழுக்கின் காரணம் என் உள்ளங்கை அளவு ரப்பர் மூடி. விளிம்பு நைந்து சுருண்டிருந்தது. தொட்டிக்காரம்மா புதிதாக ஒன்றை மாட்டினார். துருப்பிடித்த திருகை ஓட்டுநர் ஒரே திருகில் அசைத்தார், உடையவில்லை. கீழே போய்க் குழாயை எட்டிப் பார்த்தபோது அந்தப் பென்சில் பருமத் தண்ணீர் சொட்டாகி, சொட்டும் நின்றது. தொட்டிக்காரம்மா மோட்டாரைக் கையால் முடுக்கி அளவாக ஓடவிட்டார். நாங்கள் எல்லோரும் படிக்குக் கீழே நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தையும் பார்த்தது. கடைசியில் சிவப்பு அணைந்து பச்சை மட்டும் நின்றது.

"ஒரேயடியாத் தள்ளினா மண்ணு தாங்காது" என்றார் தொட்டிக்காரம்மா, காலணியைக் கழுவிக்கொண்டே. "மிச்சத்தை அதுவே தள்ளிக்கும். நாளைக் காலை வரைக்கும் பாத்துப் புழங்குங்க. ஆளுக்கு ஒரு பக்கெட்டுன்னு வெச்சுக்கோங்க. அடுத்தவாட்டி லைட்டு எரிஞ்சா துணி போடாதீங்க. எனக்குப் போன் போட்டுட்டு, நான் சொல்றதைச் செய்ங்க."

அவர் போன பிறகு கூடத்தில் ஒரு தயக்கம் நின்றது. ஆளுக்கு ஒரு பக்கெட். அதை இந்த வீட்டில் யார் நடத்துவது? கண்ணாடிக்காரர் விரிசல் ஜன்னலைப் பார்த்தார். தையலக்கா துண்டுத் துணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பெரியக்கா எழுந்தார். பையைக் காலால் மெல்ல அறைக்குள் தள்ளினார். சேலையை இழுத்துச் செருகினார். குளியலறையிலிருந்த புது வாளியையும், பின்கட்டிலிருந்த பழைய வாளிகளையும் கொண்டுவந்து குழாயடியில் வரிசையாக வைத்தார்.

"நான் எண்றேன். யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. பிள்ளைக்கு ஒண்ணு. அவ அம்மாவுக்கு ஒண்ணு. தம்பிக்கு ஒண்ணு, கடைக்கு ஓடக் கூடாது. இவருக்கு ஒண்ணு, உடம்பு பெருசுன்னு கூடக் கேக்கக் கூடாது."

"மாடித் தம்பிக்கு?" என்றார் ஓட்டுநர்.

"மூணு வாரமா விட்ட தண்ணில ஒரு வருஷம் குளிக்கலாம். அவருக்கு அரை."

"மிக்க நன்றி" என்றேன். இம்முறை எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு ஒண்ணு. இது ரெண்டும் இவளுக்கு."

"அக்கா, எனக்கு ஒண்ணு போதும்."

"நேத்துலருந்து குளிக்கல நீ. எண்றது நானா நீயா?"

இரு வாளிகளையும் பெரியக்காவே தூக்கிப்போய்க் குளியலறையில் வைத்தார். மடித்த துண்டுகளில் ஒன்றைக் கதவின் மேல் போட்டார். தையலக்கா உள்ளே போய்த் தாழிட்டார். சொம்பு முதல்முறை விழும் ஓசை கேட்டது. பிறகு, கை தயங்கியதுபோல, ஓர் இடைவெளி.

பெரியக்கா கதவைத் தட்டினார்.

"நல்லா ஊத்திக் குளி. ஒண்ணை மிச்சம் வெச்சுட்டு வெளிய வந்தேன்னா திரும்ப உள்ள அனுப்பிடுவேன்."